டீச்சர் காருக்கு எந்த பிரேக்?

பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் சேர்ந்த சில நாட்களிலேயே என்னைத் தேடி வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணாச்சி, வேகமா ஓட்டுத காருக்கு எந்த பிரேக் போட்டா நல்லது?" கையில் போன் இருக்கும். அதில் ஓட்டை போட்ட டிஸ்க்கும் அதைக் கவ்வி நிற்கிற சிவப்பு காலிப்பரும் மினுங்கும். உங்களில் சிலரும் போன வாரம் கேட்டீர்கள். கேட்கும்போது உங்கள் கண்ணில் இருந்த ஆசையைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த ஆசை இல்லாதவன் இந்தத் தொழிலுக்கு வந்து பிரயோசனம் இல்லை. நான் ஓய்வு பெற்றாயிற்று. ஆனாலும் தெருவில் யாராவது ஒரு காரை அழுத்திப் பிடித்து நிறுத்தினால் இன்றைக்கும் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறேன்.

உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. மீனாட்சி டீச்சர் காருக்கு நாங்கள் பிரேக் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்கிறேன். போல்ட்டை எவ்வளவு முறுக்குவது, எண்ணெயை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் கை பழகினால் வந்துவிடும். எதைப் போடுவது, எதைப் போடாமல் விடுவது, அதை யார் முகத்துக்கு நேரே சொல்வது, இதுதான் கஷ்டம்.

மீனாட்சி டீச்சர் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறவர். ஐம்பதை நெருங்கும் வயது. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, நெற்றியில் திருநீற்றுக் கீற்று, தோளில் விடைத்தாள் பை. பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போனதும் ஒரு சின்ன டர்போ கார் வாங்கினார். கல்லூரிக்குப் போவதும் அதில்தான், சேரன்மகாதேவியில் இருக்கிற மாமியாரைப் பார்க்கப் போவதும் அதில்தான். சில மாதங்களுக்கு ஒருமுறை அதே காரை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிற பந்தயத் தளத்துக்குப் போவார். கட்டணம் கட்டினால் நம்மைப் போன்றவர்களும் அங்கே ஓட்டலாம். முதல் தடவை சேலையோடு போய் இறங்கினாராம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை பேன்ட் போட்டுக்கொண்டு போனார். "சேலையில நம்ம ஓட்டுனா அவங்களுக்கு என்ன நட்டம்னு கேட்டேன் அண்ணாச்சி, பதில் சொல்ல ஆள் இல்ல" என்பார்.

ஒரு நாள் காலையில் வண்டியை வழக்கத்துக்கு மாறாகப் பைய ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வண்ணார்பேட்டைப் பட்டறை வாசலில் நிறுத்தினார்.

"அண்ணாச்சி, பெடல் தரைக்குப் போயிட்டு" என்றார்.

தளத்தில் நீளமான நேர்பாதை ஒன்று இருக்கிறது. அதன் முடிவில் வேகத்தைப் பாதிக்கு மேல் குறைத்தால்தான் திரும்ப முடியும். அதுவரை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருந்த பிரேக், சுற்று ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைந்து, ஒரு சுற்றில் மிதித்த கால் அப்படியே கீழே போயிருக்கிறது. கார் திருப்பத்தைத் தாண்டி நேரே சரளைக்கல் படுகைக்குள் போய் நின்றுவிட்டது. அப்படி ஓடிவிடும் வண்டிகளைப் பிடிப்பதற்காகவே அங்கே சரளை கொட்டி வைத்திருக்கிறார்கள். வண்டிக்கும் கீறல் இல்லை, ஆளுக்கும் அடி இல்லை. சூடு ஆறியதும் பெடல் ஓரளவு திரும்பி வர, ஊர் வரை பைய ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

"பயந்திட்டீங்களா டீச்சர்?"

"பயமா? கோவந்தான் வந்துது. அந்தத் திருப்பம் அப்பந்தான் பிடிபட்டு, நல்லா எடுத்துக்கிட்டு வந்தேன்."

என் கூட்டாளி செய்யது அதற்குள் காரின் கீழே போய்விட்டான். செய்யது மேலப்பாளையத்துக்காரன். நானும் அவனும் ஒன்றாகத் தொழில் படித்து ஒன்றாகப் பட்டறை வைத்தவர்கள். காலிப்பரிலிருந்து கொஞ்சம் பிரேக் ஆயிலை ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினான்.

"பாரும் வே. நம்ம முக்குக் கடை டீ கூட இத விடத் தெளிவா இருக்கும்."

அங்கேயே பாதி விஷயம் விளங்கிவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் ஆவி. எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். உங்கள் கால் ஆவியை அமுக்கிக்கொண்டிருக்கும், கார் போய்க்கொண்டிருக்கும். போதாததற்கு, டிஸ்க்கை உரசிப் பிடிக்கிற பேட்டும் சாதாரண ரோட்டுக்கானது. அதை அந்தச் சூட்டில் வைத்தால் அதுவும் வழுக்க ஆரம்பித்துவிடும்.

"அடுத்த மாசம் அங்கன ஒரு போட்டி இருக்கு அண்ணாச்சி" என்றார் டீச்சர். "முந்துத பந்தயம் இல்ல, அவங்கவங்க ஓட்டுத நேரத்தத்தான் பாப்பாங்க. சின்ன டர்போ காருக்குன்னு தனிப் பிரிவு. பேர் குடுத்துட்டேன். பிரேக் மட்டும் நீங்க பாத்துக்கிடுங்க."

எனக்கும் செய்யதுக்கும் அன்றைக்கு மதியச் சாப்பாடே இறங்கவில்லை. அவ்வளவு உற்சாகம். வழக்கமாக வருவது தேய்ந்த பேட், கசியும் ஆயில் ஹோஸ். இப்படி ஒரு வேலை எப்போதாவதுதான் வாசலுக்கு வரும். ஒரே கார். காலையில் முருகன்குறிச்சி சிக்னலில் ஸ்கூட்டருக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதே கார் பந்தயத் தளத்தில் சுற்றுக்குச் சுற்று நெருப்பாகக் காய்ந்தும் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பிரேக்.

மறுவாரம் டீச்சரின் அண்ணன் சங்கரன் வந்து சேர்ந்தார். துபாயில் வேலை, விடுமுறைக்கு வந்திருந்தார். தங்கை சரளைக்குள் போன செய்தி அவருக்கு எட்டியிருந்தது. வரும்போதே ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்தார். பட்டறையில் இருந்த எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுக் கூடிவிட்டோம். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு டிஸ்க். ஒவ்வொன்றுக்கும், பேட்டைத் தள்ள ஆறு பிஸ்டன் வைத்த காலிப்பர். செய்யது ஒன்றைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து, "அல்லாவே, என்னா வார்ப்பு வே இது!" என்றான்.

"இதுக்கு மேல பெருசா இந்தக் காருக்குக் கிடையாது அண்ணாச்சி" என்றார் சங்கரன். "மாட்டுங்க. என் தங்கச்சி இன்னொரு தடவ கல்லுக்குள்ள போகக் கூடாது."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அவர் பெருமைக்காக வாங்கவில்லை, பயந்து போய் வாங்கியிருக்கிறார். பயந்து வாங்கிய சாமானை வேண்டாம் என்று சொல்வது, பெருமைக்கு வாங்கியதை வேண்டாம் என்பதைவிடக் கஷ்டம். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதை மாட்டிப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் மனசுக்குள் ஒன்று இடித்தது. போன தடவை காலிப்பர் சின்னதாக இருந்ததால் கார் நிற்காமல் போகவில்லை. ஆயில் கொதித்ததால் போனது. பெரிய காலிப்பருக்குள்ளும் அதே ஆயில்தான் போகப் போகிறது. இன்னொன்று, பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. காரை நிறுத்துவது டயர். டயர் தரையைப் பிடிக்கிற அளவுக்கு மேல் பிரேக்குக்குப் பலம் கொடுத்தால் அது எங்கே போகும்? இதையெல்லாம் அன்றைக்கு வாயால் சொல்லியிருந்தால் சங்கரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போயிருப்பார்.

"ரெண்டு விதமாவும் மாட்டி ஓட்டிப் பாப்போம்" என்றேன். "நீங்க சொல்லுதது சரியா, நான் சொல்லுதது சரியான்னு ரோடு சொல்லட்டும். எது ஜெயிக்கோ அது வண்டியில இருக்கும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் டீச்சர், அண்ணன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

ராதாபுரம் பக்கம் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரின் காற்றாலை இடம் இருக்கிறது. உள்ளே தனிச் சாலை, நேராக, ஆள் நடமாட்டம் இல்லாமல். அனுமதி வாங்கி, காற்று கிளம்புவதற்கு முன் காலையிலேயே போய்விட்டோம். டீச்சர் வீட்டிலிருந்து கோலமாவு டப்பா கொண்டுவந்திருந்தார். சாலையின் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டார். கோட்டைத் தொட்டதும் மிதிக்க வேண்டும், நின்ற இடத்தில் சாலையோரம் ஒரு கல் வைக்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சிக்கூடம்.

முதலில் பழைய காலிப்பர், பழைய அளவு டிஸ்க். பிரேக்கில் மாற்றியது மூன்றே சாமான். அதிகச் சூட்டைத் தாங்கும் புது ஆயில். ரப்பருக்குப் பதில் எஃகு வலை சுற்றிய ஹோஸ். நானும் செய்யதும் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த பேட். அந்தச் சண்டையைச் சொல்ல வேண்டும். செய்யது பந்தயத்துக்கென்றே செய்த பேட்டைப் போட வேண்டும் என்றான். அது எவ்வளவு காய்ந்தாலும் பிடிவிடாது. ஆனால் காயாமல் அது வேலையே செய்யாது. "டீச்சர் காலையில வீட்டு வாசல்ல வண்டிய எடுத்து, தெரு முக்குல ஒரு பிள்ளை குறுக்க ஓடி வந்தா, பேட் காயட்டும்னு காத்துக்கிட்டா இருக்க முடியும்?" என்று கேட்டேன். அவன் பீடியைப் பற்ற வைத்தான். அவன் ஒத்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு பேட்டைத் தேடிப் பிடித்தோம். அதோடு டயரையும் நல்ல பிடிமானம் உள்ளதாக மாற்றியிருந்தோம்.

டீச்சர் ஓட்டினார். கோட்டைத் தொட்டதும் காரின் மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் லேசாகத் தூக்கி, அப்படியே உட்கார்ந்தது. கல் வைத்தோம். திரும்ப வந்து மறுபடி. மறுபடியும். டிஸ்க்கின் சூட்டை அளக்கும் கருவியில் எண் ஏறிக்கொண்டே போனது. கற்கள் மட்டும் ஒன்றுக்கொன்று ஒட்டினாற்போல அதே இடத்தில் விழுந்தன. செய்யது ஒவ்வொரு கல்லுக்கும் கை தட்டினான்.

பிறகு சங்கரன் கொண்டுவந்த பெரிய பிரேக் கிட்டை மாட்டினோம். அது பழைய வீலுக்குள் நுழையவே இல்லை. அவர் ஒரு நண்பரிடமிருந்து பெரிய வீல் இரவல் வாங்கி வைத்திருந்தார், நாங்கள் அதே வகை டயரை அதற்கும் போட்டிருந்தோம். நியாயம் நியாயமாக இருக்க வேண்டும் இல்லையா. இந்த முறை சங்கரனே ஓட்டுகிறேன் என்றார். முதல் மிதியில் எங்கள் கற்களையெல்லாம் தாண்டிப் போய்த்தான் கார் நின்றது.

"சரியா மிதிக்கல" என்றார் இறங்கி வந்து. மறுபடி ஓட்டினார். கிட்டோடு வந்த பந்தய பேட் காயக் காயப் பிடி கூடியது. ஆனால் மிதிக்கும்போது முன்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ளப் பார்க்க, பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ் தடதடவென்று அடித்தது. முன்னால் எல்லாப் பலமும் குவிந்து, பின்சக்கரம் சும்மா உருண்டு வந்தது. பெடலும் நீளமாக இறங்கியது. பெரிய பிஸ்டன்களை நிரப்ப அதிக ஆயில் தள்ள வேண்டியிருக்கிறதே. கடைசியில் நன்றாகக் காய்ந்தபின்னும் கார் எங்கள் கற்களுக்கு அந்தப் பக்கம்தான் நின்றது.

நான் குனிந்து டிஸ்க்கின் சூட்டை அளந்தேன். அப்போது ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் கெட்டுப்போயிருக்கும்.

சங்கரன் கற்களுக்கு நடுவே போய் நின்று பார்த்தார். பிறகு டிஸ்க்குகளின் சூட்டைக் கேட்டார். அவருடைய டிஸ்க் எங்களுடையதைவிட நிறையவே குளிர்ச்சியாக இருந்தது. அதை நான் மறைக்காமல் சொன்னேன். "உங்க சாமான் மோசம் இல்ல. கனமான காருக்கு, ரொம்ப நேரம் ஓட்டுத பந்தயத்துக்கு அதுதான் சரி. இந்தக் காருக்கு அது பெரிசு. பின்னால உள்ளதையும் மாத்தி, பெடல்லேருந்து ஆயிலத் தள்ளுத மாஸ்டர் சிலிண்டரையும் மாத்துனா ஒருவேளை சரியா வரும். வெறும் முன்பக்கத்த மட்டும் மாத்துனா இப்பிடித்தான்."

அவர் முகம் சுண்டிப் போயிற்று. டீச்சர் பக்கத்தில் வந்து, "அண்ணே, நீ கொண்டாராட்டா இந்தச் சோதனையே நடந்திருக்காது" என்றார். சங்கரன் நிமிர்ந்து, "அப்ப அந்தச் சூட்டுக்கு என்ன செய்யப் போறிய?" என்று என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. அன்று சாயங்காலம் அதற்குத்தான் முன்பம்பரில் பனிவிளக்கு இருந்த ஓட்டை வழியாகக் காற்றை வாங்கி, ஒரு வளையும் குழாய் மூலம் நேராக டிஸ்க்கின் மீது ஊதும்படி செய்தோம். சங்கரன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்களோடு சேர்ந்து குழாயை இறுக்கும் கிளாம்ப் முறுக்கினார். அந்தப் பெரிய கிட் பிறகு வீல் இரவல் கொடுத்த நண்பரின் கனத்த காருக்குப் போய், அங்கே நன்றாக வேலை செய்கிறது.

போட்டிக்கு நான்கு பேரும் அதே காரில் கோயம்புத்தூர் போனோம். காலையில் நல்ல வெயில். டீச்சர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முதல் சுற்றுகளை ஓட்டினார். நேர்பாதையின் முடிவில், போன தடவை கால் தரைக்குப் போன அதே இடத்தில், ஒவ்வொரு சுற்றிலும் கார் குனிந்து திரும்பியது. ஒவ்வொரு முறையும் செய்யதின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. என் காலும்தான்.

காலைச் சுற்றுகள் முடிந்தபோது டீச்சருக்கு அந்தப் பிரிவில் நான்காவது இடம். காலை நேரத்தையும் மதிய நேரத்தையும் கூட்டித்தான் கடைசியில் இடம் சொல்வார்கள். முன்னால் இருந்தவர்களில் ஒருவர் எங்களுக்குப் பக்கத்துக் கொட்டகையில் வண்டியை நிறுத்தியிருந்த கோயம்புத்தூர்ப் பையன். வெள்ளைக் கார், பெரிய கிட், பந்தய பேட். நல்ல பையன். டீச்சர் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு அவனே வந்தான். "மேடம், உங்க அளவுக்கு எங்கிட்ட ஒரு செட் ரேஸ் பேட் சும்மா இருக்கு. போட்டா இன்னும் லேட்டா பிரேக் அடிக்கலாம். எடுத்துக்கோங்க" என்றான்.

சங்கரன் என்னைப் பார்த்தார். டீச்சரும் பார்த்தார். ஆசை யாருக்குத்தான் இல்லை?

"தம்பி, ரொம்ப நன்றி" என்றேன். "ஆனா புது பேட்ட டிஸ்க்கோட பழக்க இப்ப நேரம் இல்ல. பழகாத பேட்டோட இவங்கள நான் அந்தத் திருப்பத்துக்கு அனுப்ப மாட்டேன்." அவன் புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டுப் போனான். சங்கரன் உதட்டைக் கடித்தார்.

மதியச் சாப்பாடு முடிந்து கடைசி ஓட்டத்துக்கு வண்டிகள் வரிசையில் நிற்கப் போகும் நேரம். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை இறங்கியது. தளம் முழுக்கப் பளபளவென்று ஆகிவிட்டது.

என் மூளை வேகமாக ஓடியது. மழையில் யாரும் அவ்வளவு வேகமாகப் போக முடியாது, அழுத்தமாக மிதிக்கவும் முடியாது. அதனால் பிரேக்கில் சூடு ஏறாது. அதற்கு மேல் நாங்கள் வைத்த குழாய் ஈரக் காற்றையும் தண்ணீரையும் டிஸ்க்கில் ஊதிக்கொண்டே இருக்கும். குளிர்ந்துபோன, நனைந்த டிஸ்க். முதல் மிதி வழுக்கும்.

"செய்யது, டேப் எடு. குழாய் வாய அடைச்சிரு."

சங்கரன் குறுக்கே வந்து நின்றுவிட்டார். "அண்ணாச்சி, என்ன செய்யுதிய? போன தடவ சூடாகித்தானே பிரேக் போச்சு! அந்தக் காத்துக்காகத்தானே அன்னைக்கு எல்லாரும் பாடுபட்டோம்? பாதியில மழ விட்டுட்டா? ரோடு காய்ஞ்சிட்டா?"

அவர் சொன்னது தவறே இல்லை. மழை விட்டுத் தளம் காய்ந்தால், அடைத்த குழாயோடு ஓட்டும் காரின் பிரேக் சூடேறிப் போன தடவை போலவே ஆகலாம். அடைக்காவிட்டால் இப்போதே வழுக்கலாம். இரண்டு பக்கமும் ஆபத்து, யோசிக்க நேரம் இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் உங்களுக்குள் ஒரு குரல் 'ஒன்றும் செய்யாதே, இருந்தபடியே விடு' என்று சொல்லும். அந்தக் குரலை நம்பாதீர்கள். ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு முடிவுதான். அதற்கும் நாம்தான் பொறுப்பு.

"ஆயில் புதுசு. பேட் தாங்கும். காலையில வெயில்ல ஏறுன சூட்டுல பாதி கூட இப்ப ஏறாது" என்றேன். "மழ விட்டாலும் ரோடு காய நேரம் ஆகும். அதுக்குள்ள ஓட்டம் முடிஞ்சிரும். அப்பிடியே ரோடு காய்ஞ்சாலும், உள்ள வரச் சொல்லிக் கை காட்டுதேன். டேப்புல வால் விட்டு ஒட்டச் சொல்லுதேன், ஒரே இழுப்புல பிச்சிரலாம்." பிறகு டீச்சர் பக்கம் குனிந்தேன். கால் வைக்கப் போகிறவர் அவர். "டீச்சர், நீங்க என்ன சொல்லுதீங்க?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "அடைங்க அண்ணாச்சி" என்றார். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"நேர்பாதையில போகும்போதே இடது காலால பிரேக்க லேசாத் தொட்டுக்கிட்டே போங்க. டிஸ்க்குல தண்ணி நிக்காது. திருப்பத்துக்கு முன்னாலயே, ஸ்டியரிங் நேரா இருக்கும்போதே வேகத்தக் குறைச்சிருங்க."

செய்யது முட்டிபோட்டு இரண்டு வாயையும் அடைத்தான். கார் தண்ணீரைச் சிதறிக்கொண்டு கிளம்பியது.

வெள்ளைக் காரும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த சுற்றிலேயே நேர்பாதையின் முடிவில் அவன் மிதித்தான். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். கார் குனியவே இல்லை. பந்தய பேட் குளிர்ந்து போயிருந்தது. அப்படியே நேராகச் சரளைக்குள் போய்ப் புதைந்தது. ஆள் கதவைத் திறந்து இறங்கிக் கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

பின்னாலேயே டீச்சர் வந்தார். கொட்டகைச் சுவரைப் பிடித்திருந்த சங்கரனின் விரல்கள் வெளுத்துவிட்டன. கார் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தது. முன்விளக்கு லேசாகத் தாழ்ந்தது. அவ்வளவுதான், வழுக்காமல், தடதடக்காமல், சாவகாசமாக ஒரு பசு தெரு திரும்புவதைப் போலத் திரும்பிப் போயிற்று. செய்யது என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தான். "போயிட்டு வே! போயிட்டு!"

பாதியில் மழை விடத்தான் செய்தது. சங்கரன் என்னைப் பார்க்க, நான் தளத்தைப் பார்த்தேன். எல்லோரும் ஓட்டும் தடத்தில் கறுப்பாக ஒரு கோடு காய ஆரம்பித்திருந்தது. உள்ளே கூப்பிட வேண்டுமா? கூப்பிட்டால் ஓட்டுகிற தாளம் போய்விடும், நேரமும் போய்விடும். கூப்பிடாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்? டீச்சர் எங்களைக் கடந்து போகும்போது காற்றில் மூக்கை நீட்டிப் பார்த்தேன். பேட் அளவுக்கு மீறிக் காய்ந்தால் ஒரு கருகல் வாசனை வரும். வரவில்லை. அடுத்த சுற்றிலும் வரவில்லை. பிரேக் விளக்கு எந்த இடத்தில் எரிகிறது என்று பார்த்தேன். பெடல் குழைந்தால் ஓட்டுகிறவர் தன்னையறியாமல் முன்கூட்டியே மிதிக்க ஆரம்பிப்பார். அவர் அதே இடத்தில்தான் மிதித்தார். கடைசிச் சுற்றில் இன்னும் கொஞ்சம் தள்ளியே மிதித்தார். உள்ளே வரச் சொல்லி நான் கையைத் தூக்கவே இல்லை.

பிரிவில் இரண்டாம் இடம். ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னதும் சங்கரன் ஈரத் தரையில் குதித்த குதியில் செய்யதின் மேல் விழுந்தார். "எங்க மீனா! எங்க மீனா லே!" என்று யாரென்றே தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னார். கோயம்புத்தூர்ப் பையன் சேறு அப்பிய சட்டையோடு வந்து டீச்சருக்குக் கை கொடுத்தான். டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றியபோது நெற்றியில் திருநீறு கரைந்து மூக்கு வரை வழிந்திருந்தது. "அண்ணாச்சி, முதல் இடத்துக்காரிக்கும் எனக்கும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஒரு தும்மல் போடுத நேரம்!" என்றார். "அடுத்த தடவ பாருங்க."

இங்கே முடித்திருந்தாலும் நல்ல கதைதான். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது மறுநாள் நடந்தது.

இரவு அங்கேயே தங்கி, காலையில் ஊருக்குக் கிளம்பினோம். குழாய் வாயிலிருந்த டேப்பை அகற்றியதைத் தவிர வண்டியில் வேறு ஒன்றும் மாற்றவில்லை. மாற்ற எதுவும் இல்லை. மதுரையில் சாப்பிட்டபின் சங்கரன், "இனி நான் ஓட்டுதேன், நீ தூங்கு" என்று தங்கையிடம் சாவியை வாங்கினார். நாற்கரச் சாலை. கோவில்பட்டி தாண்டி, கயத்தாறு தாண்டி, பிரேக்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லாமல் வண்டி போய்க்கொண்டிருந்தது. டீச்சர் முன்சீட்டில் தூங்கிவிட்டார். செய்யது என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டான்.

கங்கைகொண்டானுக்குக் கொஞ்சம் முன்னால், சாலை நடுவில் அரளிச் செடிகளுக்கு இடையே இருந்த ஒரு சந்திலிருந்து மொபெட் ஒன்று சட்டென்று வெளியே வந்தது. ஓட்டுகிறவர் நாங்கள் வருகிற பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் அவர் மனைவி, மடியில் பெரிய புல்லுக்கட்டு. வலது பக்கம் அரளிச் செடி, இடது பக்கம் ஓரமாக நிறுத்தியிருந்த லாரி. விலக இடமில்லை.

சங்கரன் மிதித்தார்.

பெல்ட் என் நெஞ்சை இறுக்கியது. செய்யது விழித்துக்கொண்டு முன்சீட்டைப் பிடித்தான். டயர் ஒரு தடவை கிறீச்சிட்டது. கார் நின்றது. எங்கள் பானட்டுக்கு முன்னால், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அந்த அம்மாவின் புல்லுக்கட்டு. சில புற்கள் கண்ணாடி மேல் விழுந்தன.

மொபெட்காரர் திரும்பி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "பாத்து வரக்கூடாதா வே?" என்று அதட்டிவிட்டு மறுபக்கம் போய்விட்டார். அந்த அம்மா மட்டும் போகப் போகத் திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டே போனாள்.

சங்கரன் வண்டியை ஓரங்கட்டினார். இறங்கிப் போய் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தார். நானும் இறங்கினேன். அவர் வீலின் இடைவெளி வழியாக விரலை விட்டு, டிஸ்க்கைத் தொடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

"அண்ணாச்சி, ரொம்ப நேரமா நான் பிரேக்கத் தொடவே இல்ல" என்றார். "சுத்தமா ஆறிப் போயிருந்திருக்கும்லா?"

"ஆறித்தான் இருந்திருக்கும்."

"நேத்து அந்தப் பையன் குடுக்க வந்த பேட்ட வாங்கி மாட்டச் சொல்லணும்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு."

நேற்று மழையில் வந்த சந்தோஷம் பெரிதுதான். ஆனால் தார்ச்சாலையின் ஓரத்தில் அந்தப் பிற்பகல் வெயிலில் நின்றபோது எனக்குள் பொங்கியது அதைவிடப் பெரிது. இரண்டு பேர் புல்லுக்கட்டோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்களைத் திட்டிக்கொண்டே போயிருப்பார்கள். மாட்டுக்குப் புல் போட்டிருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. எந்த பிரேக் போட வேண்டும் என்று யாராவது உங்களைக் கேட்டால், கேட்கிறவருக்கு மட்டும் அல்ல, அவர் இதுவரை பார்த்தே இராத அந்த இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

டீச்சர் இறங்கி வந்து அண்ணன் தோளில் கை வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"அண்ணே, அந்தப் பக்கம் போய் உக்காரு" என்றார். "ஊரு வரைக்கும் நான் ஓட்டுதேன்."